மூன்றாம் ஓலையும் உன் சார்பியலும்

சாம்,

"கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு" என்று தொடங்கத்தான் பழக்கத்தில் கை போனது. 'அன்பான' என்பதை அடித்துவிட்டேன். கர்த்தரை அடிக்க எனக்கு அதிகாரம் இல்லை. மகன் என்பதை அடிக்கலாம் என்றால், பெற்றாகிவிட்டது. அதனால் வெறும் சாம். இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. என்னிடம் படித்த பெண்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போடப் போகிறேன். அங்கே போட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் நாசரேத், சாத்தான்குளம் தாண்டி மஸ்கட் வரைக்கும் போய்விடும் என்று உனக்குத் தெரியும். "ஏம்மா வீட்டு விஷயத்த ஊருக்கெல்லாம் சொல்லுதீங்க?" என்று கேட்பாய். நீ யூடியூபில் உலகத்துக்கே சொன்னாய். நான் ஊருக்குத்தான் சொல்கிறேன். நீ அதில் பேசின எப்சியிடம் கேட்காமல் எழுதவும் இல்லை. "பேரு போட்டே எழுதுங்க டீச்சர். பேரு போடாமப் பேசுனதுதான் போதுமே" என்றாள்.

பெற்றவர்கள் பிள்ளைக்கு எழுதும் கடிதத்தில் நடுநடுவே தங்கள் தப்புகளையும் ஒத்துக்கொண்டு கண் கலங்குவது வழக்கம். நானும் என் பக்கத்தில் என்ன தப்பு என்று தேடிப் பார்த்தேன். உன்னை இயற்பியல் படிக்க வைத்ததைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. ஆகையால் அழுகையை எதிர்பார்க்காதே. உட்கார்ந்து படி.

போன வாரம் ஒரு சாயங்காலம் உன் அப்பா டீ டம்ளரை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கே வந்தார். துறைமுகத்தில் கிரேன் உச்சியில் உட்கார்ந்து வேலை பார்த்த மனிதர்; எதையும் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துத்தான் பார்ப்பார். உன் வீடியோ ஒன்றையும் விடமாட்டார். 'சார்பியல் பத்தே நிமிஷத்தில்' என்று தலைப்பு. கறுப்புச் சட்டை, ஒரு வாரத் தாடி, உனக்குப் பின்னால் நம் துறைமுகத்தின் படம். முதலில் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாய். அப்புறம் ஒரு சிரிப்புச் சிரித்தாய். "எங்க ஊர்ல ஒரு பொண்ணு இருக்கா. நான் லேட்டுன்னு இன்னும் நெனச்சிக்கிட்டு இருக்கா. அவ பார்வையில நான் போயிட்டேன், வரல. என் பார்வையில நான் கெளம்பவே இல்ல, அவதான் நகந்து போயிட்டா. ரெண்டுமே சரி. லேட்டுங்கிறதே பாக்கிறவங்களப் பொறுத்தது. எல்லாமே சார்புதான் மக்களே" என்றாய். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏளா, புள்ள வெளையாட்டுக்குச் சொல்லுதான். ஒனக்கு எதுலயும் குத்தந்தான்" என்றார். நான் அடுப்பை அணைத்தேன். எனக்கு வந்த கோபம் இரண்டு. ஒன்று எப்சிக்காக, இன்னொன்று இயற்பியலுக்காக. எது முதலில் வந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன்: இயற்பியல்தான் முதலில் வந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை இந்த ஊரில் பிளஸ் டூ பெண்களுக்கு அதைத்தானே சொல்லிக்கொடுத்தேன். 'எல்லாமே சார்பு' என்று ஒருத்தி பரீட்சையில் எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். என் வயிற்றில் பிறந்தவன் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறான்.

எங்கள் சபை வழக்கம் தெரியாதவர்களும் குழுவில் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். நீயும் மறந்தவன் மாதிரி நடிப்பதால் கேட்டுக்கொள். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். குருவானவரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம். அந்த ஐயர் ஆராதனை நடுவில் எழுந்து, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபைக்கு முன் வாசிப்பார். முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. மூன்றும் முடிந்தால்தான் தாலி. உனக்கும் எப்சிக்கும் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. நீ புதுச் சட்டையோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். அவள் பாடகர் குழுவில், கீபோர்டுக்குப் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். பள்ளிக்கூடத்தில் என்னை டீச்சர் என்று கூப்பிட்ட பிள்ளை, முதல் ஓலை வாசித்த அன்று கோயில் வாசலில் வெட்கத்தோடு "அத்தை" என்றது. எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நீ செய்ததைத்தான் செய்திருப்பாய்.

மூன்றாம் ஓலைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பெங்களூரில் ஒரு இன்டர்வியூ என்று பஸ் ஏறினாய். சனிக்கிழமை போன் பண்ணி, "அம்மா, இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் வச்சிக்கலாம்னு ஐயர்ட்ட சொல்லிருங்க" என்றாய். சொன்னேன். அப்புறம் இன்னொரு அடுத்த வாரம். அப்புறம் ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான லெந்து காலம் வந்துவிட்டது. லெந்து நாட்களில் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது என்பதால் எல்லோருக்கும் ஒரு சாக்குக் கிடைத்தது. அப்புறம் வேலை நிரந்தரமாகட்டும் என்றாய். அப்புறம் எப்சியின் போனையே எடுக்கவில்லை. ஆறேழு வருஷம் ஓடிவிட்டது. இதில் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியம் நடந்தது. அந்தக் கல்யாணம் இல்லை என்று யாருமே சொல்லவில்லை. தள்ளிவைத்திருக்கிறது என்றே எல்லோரும் மரியாதையாகப் பேசினோம். நாம் இல்லை என்று சொன்னால் பெண்ணுக்குக் கேவலம் என்று அவள் அப்பா வாயை மூடிக்கொண்டார். பெண் வீட்டார் சொல்லட்டும் என்று உன் அப்பா வாயை மூடிக்கொண்டார். ஓலை முடியவும் இல்லை, முறியவும் இல்லை. எப்சியைப் பார்க்க வந்த ஒவ்வொரு வீட்டாரும், "ரெண்டு ஓலை வாசிச்ச புள்ளயாமே? அந்தப் பையன் வாரானா, வரலியான்னு தெரிஞ்சிக்கிட்டுச் சொல்லுதோம்" என்று காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். ஒரு நாள் கோயில் வாசலில் எப்சி என்னைப் பார்த்து, "ஸ்தோத்திரம் டீச்சர்" என்றாள். அத்தை போய்விட்டது. அன்றைக்கு உன்மேல் வந்த வெறுப்பு இன்னும் குறையவில்லை.

இப்போது உன் பாடத்துக்கு வருவோம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு காணும் பொங்கலுக்கு முயல் தீவுக்குப் படகில் போனோம். கடல் அன்றைக்குத் தட்டையாகக் கிடந்தது. நீ என் மடியில் கண்ணை மூடிப் படுத்திருந்தாய். சட்டென்று எழுந்து, "ஏம்மா படகு நின்னுட்டு?" என்று கேட்டாய். "நிக்கலலே, போகுது" என்றேன். "இல்ல, தீவுதான் நம்மகிட்ட வருது" என்று அடம்பிடித்து அழுதாய். நான் உன் அப்பாவிடம், இவன் தேறிவிடுவான் என்று பெருமையாகச் சொன்னேன். சார்பியலின் முதல் படி அதுதான். சீரான வேகத்தில் நேராகப் போகிற படகுக்குள் உட்கார்ந்துகொண்டு, வெளியே எட்டிப் பார்க்காமல் நீ என்ன சோதனை செய்தாலும், படகு போகிறதா நிற்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. டீயை ஊற்றினால் டம்ளரில்தான் விழும். பந்தை மேலே போட்டால் கைக்குத்தான் வரும். படகுக்கு ஒரு விதி, கரைக்கு ஒரு விதி என்று இயற்கைக்குக் கிடையாது. இது ஆளுக்கு ஆள் வேறு என்று சொல்கிற பாடமா? யாராக இருந்தாலும் விதி ஒன்றுதான் என்று சொல்கிற பாடமா? நீ பாடத்தின் பெயரை மட்டும் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டாய்.

இரண்டாவது படி வெளிச்சம். ஓடுகிற லாரியிலிருந்து முன்பக்கமாக ஒரு கல்லை எறிந்தால், ரோட்டோரம் நிற்கிறவனுக்கு லாரியின் வேகமும் சேர்ந்துதான் தெரியும். வெளிச்சம் அப்படிச் சேர்த்துக்கொள்ளாது. காற்று என்று ஒன்று நடுவில் இல்லை என்று வைத்துக்கொள். முயல் தீவு கலங்கரை விளக்கின் வெளிச்சத்தைக் கரையில் நின்று அளந்தாலும் சரி, அதை நோக்கி வருகிற கப்பலில் நின்று அளந்தாலும் சரி, அதைவிட்டு ஓடுகிற கப்பலில் நின்று அளந்தாலும் சரி, ஒரே வேகம்தான் வரும். எவ்வளவு விரட்டினாலும் ஒரு நூல் கூடாது, ஒரு நூல் குறையாது. வெளிச்சம் இப்படிப் பிடிவாதமாக நின்றதால்தான் மற்றவை எல்லாம் வளைந்து கொடுக்க வேண்டியதாயிற்று: நேரம், நீளம், 'இப்போது' என்று நாம் சொல்கிற அந்தச் சொல். ஒன்று அசையாமல் இருந்ததால் பிறந்தது சார்பியல். எப்சியைப் பற்றி நீ சொன்னதில் அசையாதது என்று ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் உன் வசதிக்கு நகர்த்திக்கொண்டாய்.

மூன்றாவது, நீ பெரிதாகச் சொன்ன அந்த 'லேட்'. நீளமான நிலக்கரிக் கப்பல் ஒன்று நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. அதன் நட்ட நடுவில் ஒரு விளக்கைப் போடுகிறார்கள். கப்பலில் இருக்கிறவருக்கு வெளிச்சம் முன் முனைக்கும் பின் முனைக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். இரண்டும் ஒரே தூரம்தானே. கரையில் நிற்கிற எனக்கு அப்படி இல்லை. பின் முனை வெளிச்சத்தை எதிர்கொண்டு வருகிறது, முன் முனை விலகி ஓடுகிறது, வெளிச்சத்தின் வேகமோ எனக்கும் அதேதான். அதனால் பின் முனைக்குத்தான் முதலில் போய்ச் சேரும். அவருக்கு ஒரே நேரம், எனக்கு முன்னும் பின்னும். இரண்டு பேரும் சரி. இதுவரைக்கும் நீ சொன்னதற்கு முழு மார்க். இதற்கு மேல்தான் கள்ளத்தனம் பண்ணினாய். முன்பின் மாறுவது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வெளிச்சம்கூடப் போய்ச் சேர நேரமில்லாத இரண்டு காரியங்களுக்கு மட்டும்தான். ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்றால், அந்த வரிசையை எந்தக் கப்பலில் ஏறி நின்று பார்த்தாலும் மாற்ற முடியாது. நீ வார்த்தை கொடுத்தாய், அதனால் அவள் காத்திருந்தாள். எந்த ராக்கெட்டிலிருந்து பார்த்தாலும் அவள் முதலில் காத்திருந்து, பிறகு நீ வார்த்தை கொடுத்ததாகத் தெரியாது. பெங்களூரிலிருந்து தூத்துக்குடிக்கு வெளிச்சம் வர, கண் இமைக்கிற நேரத்தில் நூறில் ஒரு பங்கு போதும். உனக்கும் எப்சிக்கும் நடுவில் எது 'இப்போது' என்று சண்டை போடுவதற்குச் சார்பியல் கொடுக்கிற இடம் அவ்வளவுதான். நீ அந்த இடுக்கில் ஆறேழு வருஷத்தை அடைக்கப் பார்த்தாய்.

வரிசையை மாற்றுவது உனக்குப் புதிது இல்லை. பிளஸ் ஒன்னில் ஊசல் சோதனைக்கு, விடையை முதலில் எழுதிவிட்டு அதற்குத் தோதாக அளவுகளைப் பின்னாலிருந்து நிரப்பிக்கொண்டிருந்தாய். சாப்பாட்டு மேசையில் வைத்தே பிடித்தேன். "எல்லாரும் இப்டித்தான் செய்யுதாங்கம்மா" என்றாய். அன்றைக்கு ரெக்கார்டைக் கிழித்துப் போட்டு மறுபடி செய்யச் சொன்னேன். நீ அழுதாய், அப்பா என்னைத் திட்டினார். இப்போதும் அதே வேலைதான். 'நான் தப்பு செய்யவில்லை' என்ற விடையை முதலில் எழுதிவிட்டு, பிரபஞ்சத்தின் விதிகளைப் பின்னாலிருந்து நிரப்புகிறாய்.

வீடியோவுக்கு மறுநாள் புது ஐயர் வீட்டுக்கு வந்தார். உனக்கும் பெங்களூரில் ரூபா என்ற பெண்ணுக்கும் கல்யாணம் என்பதே, நீ உன் அப்பாவுக்கு அனுப்பிய குரல் செய்தியில்தான் எங்களுக்குத் தெரியும். பெண் வீட்டுச் சபையில் ஓலை வாசிக்கும்போது, உன் சொந்தச் சபையிலும் வாசித்துத் தடையில்லை என்று சொல்ல வேண்டும். ஐயர் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "டீச்சர், சாம் தம்பிக்கு ஓலை வாசிக்கணும்னு அங்கேயிருந்து கேட்டிருக்காங்க. ஆனா இங்கன முன்னாடி வாசிச்ச ரெண்டு ஓலை அப்படியே நிக்கில்லா? அத முடிக்காம நான் எப்படி இன்னொன்ன வாசிக்க? ரெண்டு பேரும் வந்து, எங்களுக்குள்ள ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாப் போதும்" என்றார். இத்தனை வருஷமாக ஊரே மென்று முழுங்கியதை, வந்து ஆறு மாதம்கூட ஆகாத மனிதர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் எப்சி வீட்டுக்குப் போனேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் அவள் வேலை பார்க்கிறாள் என்பதாவது உனக்குத் தெரியுமா? ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டோடு என்னைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "வீடியோ பாத்தேன் டீச்சர்" என்றாள். "படகு, கலங்கரை வெளக்கு, நிலக்கரிக் கப்பல், எல்லாம் நீங்க எங்களுக்குச் சொன்ன உதாரணந்தான். ஒண்ண மட்டும் சொல்லாம விட்டுட்டாங்க." என்ன விட்டான் என்று கேட்டேன். "திரும்புறது" என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே அவளைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போல இருந்தது. அழவில்லை.

நீ விட்டதை நான் சொல்கிறேன். கப்பல் தளத்தில் ஒரு கண்ணாடி, அதற்கு நேர் மேலே இன்னொரு கண்ணாடி, நடுவே வெளிச்சம் மேலும் கீழும் போய் வருகிறது. ஒரு தடவை போய் வந்தால் கடிகாரத்தின் ஒரு டிக். கப்பலில் இருப்பவருக்கு அது நேர்க்கோடு. கரையிலிருந்து பார்க்கிற எனக்கு, கப்பல் நகர்ந்துகொண்டே இருப்பதால், அது சாய்ந்த கோடு. சாய்ந்த கோடு நீளம் அதிகம், வெளிச்சத்தின் வேகமோ மாறாது, அப்படியானால் டிக்குக்கு ஆகும் நேரம்தான் கூட வேண்டும். ஓடுகிற கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்பது இவ்வளவுதான். இது வெறும் பேச்சு இல்லை. வானத்து உச்சியில் பிறக்கிற மியூவான் என்ற துகளின் ஆயுளுக்கு அது ஒரு கிலோமீட்டர்கூடத் தாண்டக் கூடாது. வெளிச்சத்துக்கு நெருங்கிய வேகத்தில் வருவதால், நம் உப்பளம் வரைக்கும் வந்து விழுகிறது. ஆனால் நீ மியூவான் இல்லை. போனது ஆம்னி பஸ்ஸில். இத்தனை வருஷமும் நீ இறங்காமல் அந்தப் பஸ்ஸிலேயே ஓடிக்கொண்டிருந்தாலும், ஒரு வினாடியைப் பத்து லட்சம் பங்கு வைத்தால் அதில் ஒரு பங்குகூட உனக்கு மிச்சமாகாது.

கப்பல்காரர் என் கடிகாரத்தைப் பார்த்தாலும் என்னுடையதுதான் மெதுவாக ஓடுவதாகச் சொல்வார். அவர் கண்ணில் நான்தானே ஓடுகிறேன். நீ சொன்ன 'ரெண்டுமே சரி' இங்கே மெய்தான். ஆனால் அது எது வரைக்கும்? இரண்டு பேரும் திரும்பாமல், ஒரே சீராக விலகிப் போய்க்கொண்டிருக்கிற வரைக்கும். ஒருவர் திரும்பி வந்து மற்றவர் பக்கத்தில் நின்றுவிட்டால், இரண்டு கடிகாரத்தையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். அப்போது திரும்பினவருக்குத்தான் நேரம் குறைவாக ஓடியது என்பதில் ஒருவருக்கும் இரண்டாவது பேச்சு இருக்காது. திரும்புகிறவர் குலுங்குவார், அந்தக் குலுக்கலை எந்தச் சார்பியலாலும் அடுத்தவர் தலையில் கட்ட முடியாது. பஸ் கிளம்பும்போதும் அப்படித்தான். பின்னால் சாய்ந்தது உன் முதுகு. எப்சி கீபோர்டுக்குப் பின்னால் ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். அதனால் 'நான் கெளம்பவே இல்ல' என்பது இயற்பியல்படியும் பச்சைப் பொய். நீ திரும்பாத வரைக்கும்தான் உன் வாதம் நிற்கும். அது உனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் நீ இந்த ஊர்ப் பக்கமே தலை வைக்கவில்லை. நாங்கள்தான் பெங்களூருக்கு வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியிருந்தது.

எப்சி உள்ளே கூட்டிப் போய்க் காப்பி போட்டுக் கொடுத்தாள். அப்புறம்தான் சொன்னாள். "டீச்சர், எனக்கும் ஓலை வாசிக்கணும்." சாயர்புரத்தில் ஒரு கணக்கு வாத்தியார், பெயர் டேனியல். "பாக்க வந்தாங்க. அந்தப் பையன் வாரானான்னு அவங்க கேக்கல. ஒங்களுக்கு இஷ்டமான்னு என்கிட்ட கேட்டாங்க. நான் சரின்னுட்டேன்." அவள் முகத்தில் பார்த்த சிரிப்பை நான் பிளஸ் டூ வகுப்பில்தான் கடைசியாகப் பார்த்தேன். ஆக, மகனே, நீ ஊருக்கு முன்னால் சொன்னாயே, 'இன்னும் நெனச்சிக்கிட்டு இருக்கா' என்று, அதுவும் தப்பு. அவளை நீ நட்டுவைத்த கம்பம் என்று நினைத்தாய். அவள் போய்க்கொண்டிருக்கிறாள். வழியில் குறுக்கே நிற்பது நீ. உன் ஓலைக்கு அவள் வாய் திறக்க வேண்டும், அவள் ஓலைக்கு நீ வாய் திறக்க வேண்டும். இரண்டு பேருக்கும் விதி ஒன்றுதான்.

"வாட்ஸ்அப்ல எழுதி அனுப்பச் சொல்லவா?" என்று கேட்டேன். "வேண்டாம் டீச்சர். சபைக்கு முன்னாடி வாசிச்சது, சபைக்கு முன்னாடி முடியட்டும். வீடியோவுல ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிஞ்சவங்கதான? எனக்கு முன்னாடி நின்னு சொல்லட்டும். நானும் அவங்களுக்கு முன்னாடி நின்னு சொல்லுதேன். அப்புறம் அவங்க அவங்க வேலையப் பாக்கலாம்" என்றாள். நியாயம். உனக்குப் போன் பண்ணினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீ என்ன சொன்னாய்? "இந்த வாரம் ஷூட் இருக்கும்மா. அடுத்த வாரம் வாரேன்." அதே வார்த்தை. குரல்கூட மாறவில்லை. போனை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தவள்தான். லெந்து முடிந்ததும் எல்லோருக்கும் கல்யாண அவசரம். இந்த ஞாயிறு தவறினால் மூன்று ஓலை வாசிக்க நாள் போதாது, அவளுக்கும் போதாது, உனக்கும் போதாது. உன்னுடையது நின்றால் எனக்குக் கவலை இல்லை. அவளுடையது இன்னொரு தடவை உன்னால் நிற்க நான் விடமாட்டேன். நீ ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்றால், ஐயர் மற்றவர்களின் ஓலையை வாசித்து முடித்ததும், அந்தப் பழைய ஓலை முறிந்தது என்று சொல்ல முதல் ஆளாக நான் எழுந்திருப்பேன். உன் அம்மா என்றுகூடப் பார்க்காமல் சபைக்கு முன்னால் உன்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல்வேன். பெங்களூர்ச் சபைக்கும் சொல்வேன்.

ரூபாவோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. அவளை நான் பார்த்ததுகூட இல்லை. இதை அவளுக்கும் படித்துக்காட்டு. இரண்டு ஓலை வாசித்த கதையை அவளிடம் சொல்லியிருக்க மாட்டாய் என்று பந்தயம் கட்டுவேன். சொன்ன பிறகும் உன்னைக் கட்டிக்கொள்வேன் என்றால் அது அவள் பாடு. அறிவுரை என்று இந்தக் கடிதத்தில் ஒன்று இருக்க வேண்டும் என்றால், இதுதான்: அவளிடம் வாழ்நாளில் ஒரு தடவைகூட 'அடுத்த வாரம்' என்று சொல்லாதே. முடியாது என்றால் முடியாது என்று சொல். முகத்தைப் பார்த்துச் சொல். அடி விழுந்தால் வாங்கிக்கொள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. எப்சியின் அம்மா இறந்து எத்தனையோ வருஷமாயிற்று. கல்யாணத்தன்று அம்மா நிற்க வேண்டிய இடத்தில் நிற்க, அவளுக்கு ஆள் இல்லை. "நீங்க நிப்பீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். என்றைக்கு என்று கேட்டேன். அவள் சொன்ன தேதி உன் தேதி. ஈஸ்டருக்குப் பின்னால் வரும் அதே திங்கட்கிழமை, அதே பத்து மணி. அவளுக்கு அது தெரியாது. மண்டபம் கிடைத்த நாள் அது. நான் யோசிக்கவே இல்லை. சரி என்றேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஏளா, பெத்த மகன் கல்யாணத்துக்கு நீ போகலன்னா ஊரு என்ன சொல்லும்?" என்றார். "ஆறேழு வருஷமா ஒண்ணும் சொல்லாத ஊரு, இப்ப மட்டும் என்னத்தச் சொல்லிரும்?" என்றேன். ராத்திரி சாப்பிடும்போது "அந்தப் புள்ள பாவந்தான்" என்றார்.

ஞாயிறு காலை எட்டரை மணி ஆராதனை. முன் வரிசையில், கீபோர்டுக்கு நேர் எதிரே, உனக்கு இடம் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். வந்து, நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ. வீட்டுக்கு வந்தால் சாப்பாடு உண்டு; பேச்சு கிடையாது.

உன் கல்யாணத்துக்கு அப்பா வருவார். அவர் கோட்டுக்கு இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன். தூரத்தில் இருக்கிற இரண்டு கோயிலில் இரண்டு தாலி நான் சொன்ன அந்த இடுக்குக்குள் ஏறினால், ஒரே நேரத்தில் ஏறினவா, முன்பின்னாக ஏறினவா என்பது பார்க்கிறவரைப் பொறுத்தது. அதில் உன்னோடு எனக்கு வழக்கு இல்லை. ஆனால் அந்த நேரத்தில் நான் எப்சிக்குப் பக்கத்தில் நிற்பேன். நீ எந்தக் கப்பலில் ஏறி நின்று பார்த்தாலும் நான் நின்றது அங்கேதான்.

கர்த்தருக்குள்,
உன்னைப் பெற்றவள்